ஆத்தா உத்தரவு கொடுக்காத கோடை

திருப்பூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்து, இப்போது என்னைப் போலப் பேரன் பேத்தி எடுத்து, மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பூ கேட்பது என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பெண் எடுப்பதோ, தண்ணீருக்குப் போர் போடுவதோ, எருமை வாங்குவதோ, எதுவாக இருந்தாலும் எங்கள் ஊரில் முதலில் அம்மனிடம் கேட்போம். பூசாரி இரண்டு அரளிப் பூவைத் தண்ணீரில் தொட்டு ஆத்தாளின் இரண்டு தோளிலும் ஒட்டிவைப்பார். கேட்க வேண்டியதை மனசுக்குள் கேட்டுவிட்டுக் கைகூப்பி நிற்க வேண்டும். ஆத்தாளின் வலத்தோள் பூ முதலில் விழுந்தால் உத்தரவு கிடைத்தது என்று அர்த்தம். இடத்தோள் பூ முதலில் விழுந்தால் கூடாது. அவ்வளவுதான், பேச்சே கிடையாது.

அப்படிப்பட்ட எங்கள் ஆத்தா, நான் நாலாவது முடித்து லீவில் இருந்த ஒரு கோடை முழுக்க, ஊரில் ஒருத்தருக்குக்கூட உத்தரவு கொடுக்கவில்லை. அந்தக் கோடையில்தான் என் அப்பா கட்டிலோடு கிடந்தார். இந்தக் கதையைச் சிரிக்காமல் சொல்ல எனக்கு வராது. ஆனால் அப்போது எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அப்பா பெரியப்பாவின் பனியன் கம்பெனியில் இருந்தார். நிட்டிங்கில் இருந்து சாயப்பட்டறைக்கும் அங்கிருந்து கம்பெனிக்கும் மொபெட்டில் துணி கொண்டுவருவது அவர் வேலை. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ரெண்டு மூட்டை, நடுவில் அப்பாவின் தலை மட்டும் தெரியும். அந்தத் தலையும் எந்நேரமும் சீட்டி அடித்துக்கொண்டிருக்கும். மாசி மாதத்தில் ஒருநாள் பல்லடம் ரோட்டில் ஒரு நாய் குறுக்கே வர, வண்டியும் மூட்டையுமாகப் பள்ளத்தில் விழுந்தார். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்கு வலது காலில் முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்தது.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று டாக்டர் காலைத் தட்டிப் பார்த்து, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி ஊன்றி நடக்கலாம் என்றார். நடக்கத்தான் வேண்டும், இப்படியே படுத்திருந்தால் முட்டி இறுகிப்போய்க் கால் மடங்காது, அப்புறம் என்னிடம் வந்து பிரயோஜனம் இல்லை என்றும் சொல்லி அனுப்பினார். அம்மா சந்தோஷமாக வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அப்பா கயிற்றுக் கட்டிலில் ஏறிப் படுத்தவர் இறங்கவில்லை.

"ஆத்தா உத்தரவு குடுக்கட்டும் புள்ள. எந்திரிக்கறேன்" என்றார்.

அதை எல்லோரும் பக்தி என்றே எடுத்துக்கொண்டோம். அவர் பயந்துபோயிருந்தார் என்பது எனக்கு இந்த வயதில்தான் புரிகிறது. ராத்திரி தூக்கத்தில் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே படுத்திருப்பார். மறுபடி விழுவதை நினைத்தாலே அவருக்கு வேர்த்தது. கிண்டலும் கேலியுமாகத் திரிந்த மனுஷன், பயமாக இருக்கிறது என்று பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வார்?

பெரியப்பாவுக்கு அந்த வருஷம் கம்பெனி நன்றாக ஓடியது. சந்தோஷத்தில் கோயிலுக்கு ஏதாவது செய்ய நினைத்தார். மணி ஏற்கெனவே இருந்தது. டியூப் லைட்டில் வேறொருவர் பெயர் எழுதியிருந்தது. பெரியப்பா ரொம்ப யோசித்து, "இந்த வேக்காட்டுல ஆத்தாளுக்கு வேர்க்காதுங்களா?" என்று கேட்டு, கருவறைச் சுவரில் ஆத்தாளின் வலப்பக்கம் ஒரு ஃபேன் மாட்டிக்கொடுத்தார். இறக்கையில் 'உபயம்' என்று போட்டுத் தன் பெயரையும் எழுதியிருந்தார். சுற்றும்போது பெயர் தெரியவில்லை என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம். விளக்குக்குக் கண்ணாடிக் கூண்டு இருந்ததால் அணைகிற பயம் இல்லை. பூசாரி கோயிலைத் திறந்ததும் முதல் வேலையாக ஃபேனைப் போடுவார், கடைசி வேலையாக நிறுத்துவார்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் எல்லாம் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை. வலப்பக்கமிருந்து வந்த காற்று வலத்தோள் பூவை ஆத்தாளின் மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டது, இடத்தோள் பூவைத் தட்டிவிட்டது. இது ஏன் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் விடிந்தால் மெஷின் சத்தம், பொழுதுபோனாலும் மெஷின் சத்தம். ஒரு ஃபேன் ஓடுவதெல்லாம் எங்கள் காதில் சத்தமாகவே ஏறாது. அதுவும் போக, அது ஆத்தாளுக்கு நகை போட்ட மாதிரி போட்ட காற்று. ஆத்தாளின் நகையைச் சந்தேகப்படுவோமா?

முதல் வெள்ளிக்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவள் கம்பெனியில் கைமடி. தையல்காரர் தைக்கத் தைக்கத் துணியை மடித்துக் கொடுக்கிற வேலை. அரை நாள் லீவு சொல்லி, தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலோடு நின்றாள். கருவறை வாசலில் விபூதியும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த வாசம், பூசாரியின் வேட்டியில் கற்பூரம். அம்மா கண்ணை மூடிய கொஞ்ச நேரத்தில் இடத்தோள் பூ விழுந்தது.

வெளியே பெரியப்பா நின்றிருந்தார். "என்ன அம்மணி, எந்தப் பக்கம்?"

"எடதுங்க."

"அட விடு. அடுத்த வெள்ளி கேட்டுக்கலாம்" என்றார்.

அடுத்த வெள்ளியும் இடதுதான். அம்மாவுக்கு மட்டுமல்ல. மேற்கால வீட்டுக்காரர் போர் போடக் கேட்டார், இடது. ஒருவர் மகள் கல்யாணத்துக்குக் கேட்டார், இடது. எருமை வாங்கக் கேட்டவர் எருமையைத் திருப்பி அனுப்பினார். புது ஷெட் போடக் கேட்ட பெரியப்பாவுக்கே இடது விழுந்தது. ஊரில் கடப்பாரை எடுக்கிறவர் இல்லை, தாலி வாங்குகிறவர் இல்லை. எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, ஆத்தாளுக்கு என்ன கோபம் என்று ஆராய்ந்தார்கள்.

"ஊருக்குள்ள எவனோ தப்புப் பண்ணியிருக்கறானுங்க. அதான் ஆத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டா" என்று ஓங்கிச் சொன்னவர் பெரியப்பாதான்.

சாயத் தண்ணீர் வாய்க்காலில் போவதால் கோபம் என்றார் ஒருவர். பூசாரி செவ்வாய்க்கிழமை சினிமாவுக்குப் போனதால் என்றார் இன்னொருவர். பூசாரி போனது திங்கட்கிழமை என்று அவர் சம்சாரம் சண்டைக்கு வந்தாள். கடைசியில் பேச்சு சுற்றிச்சுற்றி, குடும்பப் பெண்கள் கம்பெனி வேலைக்குப் போவதில் வந்து நின்றது. என் அம்மா அந்தப் பக்கமாகச் சோற்றுத் தூக்குப்போசியோடு நடந்துபோகும்போது பேச்சு அடங்கும். அவள் தலைநிமிர்ந்துதான் போவாள். வீட்டுக்கு வந்ததும் சும்மா இருந்த பாத்திரத்தையெல்லாம் எடுத்துப்போட்டுத் தேய்ப்பாள்.

எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு மட்டும் அது பொற்காலம். நூல் சுற்றி வரும் காலி அட்டைக் கோனைத் தலைகீழாக நிறுத்தி, சிவப்புப் பனியன் துண்டைச் சுற்றிவிட்டால் அதுதான் எங்கள் ஆத்தா. அதன் மேல் இரண்டு பூவை வைத்துப் புளியங்காய் பறிக்கப் போகலாமா, வாய்க்காலில் இறங்கலாமா என்று கேட்போம். எங்கள் ஆத்தா ரொம்ப நல்லவள். எல்லாவற்றுக்கும் உத்தரவு கொடுத்தாள். அந்தக் கோன், அந்த வழுவழுப்பான அட்டை, முகர்ந்தால் வரும் புது நூல் வாசம், இப்போது எத்தனை கடையில் தேடினாலும் கிடைக்காது.

எங்களுக்குப் பக்கத்து வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு அக்கா குடியிருந்தாள். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். எங்கள் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருந்தாள். புருஷன் சரியில்லாமல், சின்னக் குழந்தையோடு தனியாகத்தான் வந்திருந்தாள். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கதவுக்குப் பின்னால் முழங்கால் போட்டுவிட்டுத்தான் வருவாள். ஒருநாள் பைப்படியில் குடம் நிறையும்வரை அம்மா அவளிடம் மெல்லக் கேட்டாள்.

"ஏனுங் கண்ணு, உங்க சாமிகிட்ட எப்பிடி உத்தரவு கேப்பீங்க? பூவு வெப்பீங்களா?"

"உத்தரவா? அதெல்லாம் நான் கேக்கதில்லக்கா. இன்னைக்கு ஒரு நாளைக்குப் பெலன் தாரும் ஆண்டவரேம்பேன். அம்புட்டுதான்."

"அவரு குடுத்தாரா இல்லியான்னு எப்பிடித் தெரியும்?"

அந்த அக்கா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "எந்திச்சு வேலைக்கு வந்துட்டேம்லா. அப்போ குடுத்துட்டாருன்னுதான அர்த்தம்."

அம்மா தன் குடம் நிரம்பி வழிந்து, பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் எடுத்தாள்.

இதற்குள் அப்பாவின் கால் குச்சியாகிக்கொண்டு வந்தது. சீட்டி நின்றுபோய் ரொம்ப நாளாயிற்று. முட்டியை மடக்கச் சொன்னால் முகம் கோணும். மடங்குகிற அளவும் குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் சொன்னது அம்மாவுக்கு நினைவிருந்தது. கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். "ஆத்தாளே வேண்டாங்கறா, நீ எந்திரிங்கற" என்று அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை மறுபடியும் போனோம். கூட்டம் இருந்தது. பூசாரி பூ வைத்தார். அம்மா கண்ணை மூடவில்லை. ஆத்தாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இடத்தோள் பூ விழுந்தது. கூட்டத்தில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். அம்மா வழக்கம்போலத் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

"செரி ஆத்தா" என்றாள் சத்தமாக. "நீ வேண்டாம்னுட்ட, நானுங் கேட்டுக்கிட்டேன். இனிமே உன்றகிட்ட உத்தரவு கேக்க வரமாட்டேன். தெம்பு கேக்கத்தான் வருவேன். அதுக்குப் பூவெல்லாம் எதுக்கு?"

பூசாரி பதறிப்போனார். "அம்மணி, ஆத்தாகிட்ட அப்பிடியெல்லாம் பேசக்கூடாதுங்க சாமி!"

"பின்ன ஆருகிட்டங்க பேசறது? எனக்கு வேற ஆரு இருக்கறாங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. என் சிநேகிதிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள். அவள் கை சூடாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்டார். "ஏம்புள்ள, எந்தப் பக்கம்?"

அம்மா நினைத்திருந்தால் வலது என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"எடதுங்க" என்றாள்.

அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, இந்தப் புள்ளைக்குக் காச்ச வந்து கண்ணு சொருகுனப்ப ஆருகிட்டப் போனோம்? கெணறு வத்திக் கஞ்சிக்கு இல்லாம நின்னப்ப ஆருகிட்டப் போனோம்? ஒருக்காலும் அவ நம்மளக் கையுட்டதில்லீங்க. அவ உங்கள எந்திரிக்க வேண்டாம்னு சொல்லுவான்னு எனக்குத் தோணுலீங்க. பூவு என்னமோ சொல்லுது. எனக்குப் பூவத் தெரியாதுங்க, ஆத்தாளத்தான் தெரியும்."

துண்டுக்குள் இருந்து அப்பாவின் குரல் வந்தது. "எந்திரிச்சு உழுந்துட்டா?"

"உழுந்தாத் தூக்கறதுக்கு நான் இருக்கறேன். எனக்குத் தெம்பில்லீன்னா அவ இருக்கறா."

அப்பா அன்றைக்கு எழவில்லை. அம்மாவும் வற்புறுத்தவில்லை. ஆனால் மறுநாளில் இருந்து ஒரு புதுப் பழக்கம் வந்தது. கம்பெனிக்குக் கிளம்பும் முன் தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் கட்டிலுக்கு எதிரே கோயில் இருக்கும் திக்கைப் பார்த்து நிற்பாள். "ஆத்தா, இன்னைக்குத் தெம்பு குடு" என்பாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய்விடுவாள். சாயங்காலம் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து, சோறாக்கி, என்னைக் குளிப்பாட்டி, துவைத்துப் போட்டுவிட்டுப் படுப்பாள். முன்பும் இதே வேலைகளைத்தான் செய்தாள். ஆனால் பாத்திரங்கள் முன்போல அடி வாங்கவில்லை. ஒருநாள் அடுப்படியில் அவள் எதற்கோ சிரித்த சத்தம் கேட்டு நானும் அப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

இப்படியே கொஞ்ச நாள் போனது. ஒரு காலை, அம்மா கண்ணை மூடி நின்றபோது அப்பா கட்டிலில் இருந்து, "எனக்குஞ் சேத்திக் கேளு புள்ள" என்றார்.

அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "உங்களுக்கு நீங்கதானுங்க கேக்கோணும். எனக்குக் குடுக்கறது எனக்கே பத்த மாட்டீங்குது."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாசிக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். சிரித்து முடித்ததும் கைகூப்பினார். உதடு அசைந்தது. என்ன கேட்டார் என்று அவர் உயிரோடு இருந்தவரை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டுவிட்டு, நல்ல காலை முதலில் இறக்கினார், அப்புறம் அந்தக் காலை. வெளிறிப்போய், முடியெல்லாம் படிந்து, வேறு யாருடைய காலோ மாதிரி இருந்தது. அம்மா தோளைக் கொடுத்தாள். நின்றுவிட்டார். முகமெல்லாம் வேர்வை வடிய, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றார்.

வாசலில் அம்மாவை வேலைக்குக் கூப்பிட வந்த பக்கத்து வீட்டு அக்கா, "ஏயப்பா! அண்ணாச்சி நிக்காருல்லா! ஸ்தோத்திரம்!" என்று கத்திய கத்தலில் அப்பா பயந்துபோய்த் தொப்பென்று கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்துவிட்டு, "உழுவலியே, நான் உழுவலியே" என்று எங்களிடமே திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அம்மாவும் அந்த அக்காவும் வேலைக்குத் தாமதமாகப் போய்ச் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினார்கள். வாங்கிக்கொண்டே சிரித்தார்களாம்.

அதன் பிறகு தினமும் நடைதான். கட்டிலில் இருந்து கதவு, கதவில் இருந்து பைப்படி. வலியில் பல்லைக் கடிப்பார், வைவார், நிற்பார், மறுபடி நடப்பார். கையில் ஒரு தடி. கூடவே சீட்டியும் திரும்பி வந்தது.

அப்பா பைப்படி வரை நடக்கத் தொடங்கிய பிறகுதான் ஃபேன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை, சுண்டலுக்காக நானும் கோயிலில் இருந்தேன். கரண்ட் போயிருந்தது. மகள் கல்யாணத்துக்குக் கேட்ட அதே ஆள் மறுபடி கேட்க வந்திருந்தார். பூசாரி பூ வைத்தார். நின்றோம், நின்றோம். வலத்தோள் பூ விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள், அந்த ஆள் துள்ளிக் குதித்தார். அதோடு விட்டாரா? ஆசை யாரை விட்டது. "வைகாசியிலயே வெச்சுக்கலாமான்னு கேட்டுருங்க சாமி" என்றார். பூசாரி புதுப் பூ வைத்துக் கை எடுத்த நேரம் கரண்ட் வந்தது. ஃபேன் ஒரு முனகல் முனகிச் சுற்ற ஆரம்பித்தது. வலத்தோள் பூ அப்படியே ஒட்டி நிற்க, இடத்தோள் பூ எங்கள் எல்லோர் கண்ணெதிரே கிளம்பிப் பறந்து சுவரில் போய் மோதியது.

எல்லோரும் ஃபேனைப் பார்த்தோம். அப்புறம் எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தோம்.

"ஆத்தாளுக்கு வேர்க்குதேன்னு நல்லதுக்குத்தானுங்க மாட்டுனேன்" என்றார் பெரியப்பா. அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

அன்று ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! எருமையைத் திருப்பி அனுப்பியவர் மட்டும் சிரிக்கவில்லை. ஃபேனைக் கழற்றி மண்டபத்தில் மாட்டினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ரேஷன் கடை மாதிரி வரிசை நின்றது. ஒரு கோடையின் கேள்விகள் அத்தனையையும் திரும்பக் கேட்க ஊரே வந்துவிட்டது.

அன்றுதான் அப்பா தடியை ஊன்றிக்கொண்டு கோயில் வரை நடந்தே வந்தார். நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம். வரிசை தானாக விலகி வழி விட்டது.

"மொதல்ல நீங்க வாங்க சாமி. உங்களுக்குத்தான் ரொம்ப அநியாயம் நடந்துபோச்சு" என்று பூசாரி அவசரமாக இரண்டு பூவைத் தொட்டு ஆத்தாளின் தோளில் வைத்தார்.

பெரியப்பா பக்கத்தில் வந்தார். "தம்பி, என்னாலதான் ஆச்சு. இப்பக் கேட்டுரு. காத்து கீத்து ஒண்ணுமில்ல."

"கேக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்களேண்ணா" என்றார் அப்பா. "தெம்பு கேட்டேன், குடுத்துட்டா. கும்புட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

தடியை என்னிடம் கொடுத்தார். என்ன செய்யப்போகிறார் என்று எங்களுக்குப் புரிவதற்குள் குனிந்து, கையை ஊன்றி, கருவறைக்கு எதிரே நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார்.

"ஐயோ, காலு! காலு!" என்று நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். பெரியப்பா அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் போனார்.

"உடுங்க. அவரே எந்திரிப்பாரு" என்றாள் அம்மா. ஒரு அடிகூட நகரவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அப்பா தரையில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தார். பிறகு கையை ஊன்றினார். நல்ல முட்டியை மடக்கினார். இன்னொரு முட்டி பாதி மடங்கி நின்றது. முகம் கோணியது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முட்டியைப் பார்த்தது. அது மடங்கியது. ஒரு காலை ஊன்றினார், அப்புறம் மற்றதை. யாரையும் பிடிக்காமல் நிமிர்ந்து நின்றார்.

அப்போதுதான் பூசாரிக்குப் பூ நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தால் ஆத்தாளின் தோளில் ஒன்றும் இல்லை. இரண்டு பூவும் தரையில் கிடந்தன.

"எது முன்னால உழுந்துது?" என்று கேட்டார் பெரியப்பா.

பூசாரி விழித்தார். வரிசையில் நின்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். யாருமே பார்த்திருக்கவில்லை.

அம்மா என் கையில் இருந்த தடியை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "சோத்துக்கு நேரமாச்சுங்க, நடங்க" என்றாள்.

அப்பா நடந்தார்.